டில்லிப் பந்தயமும் சேர்வராயன் மலையும்

சென்ற 2024-ம் வருஷம் டிஸம்பர் மாதம் 3-ந் தேதி முதல் 10-ந் தேதி வரையில் புது டில்லி இந்திரா காந்தி உள்ளரங்கத்தில் ஆசியப் பெண்களின் ஹேண்ட்பால் சாம்பியன் பட்டப் பந்தயம் நடைபெற்றது. 1987-ல் ஜோர்டான் தேசத்து அம்மான் நகரில் தொடங்கிய இப்பந்தயம், இருபதாவது தடவையாக நடந்தபோதுதான் முதன்முதலாக நமது தேசத்துக்கு வந்தது. எட்டுத் தேசத்துப் பெண்கள் ஆடினார்கள். கடைசி ஆட்டத்தில் ஜப்பான் 25 கோலும், தென் கொரியா 24 கோலும் போட, ஒரே கோல் வித்தியாசத்தில் ஜப்பான் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போயிற்று. ஜப்பான், கொரியா, கஜகஸ்தான், ஈரான் ஆகிய நான்கும் 2025-ல் ஜெர்மனியிலும் ஹாலந்திலும் நடந்த உலகப் பந்தயத்துக்குத் தகுதி பெற்றன. பந்தலிட்டு விருந்து வைத்த நமக்குக் கிடைத்தது ஆறாவது இடம்.

ஆறாவது இடம் அவமானமல்ல. ஆனால் அந்த எட்டு நாட்களில் டில்லியில் என்ன நடக்கிறது என்பதைத் தமிழ்நாட்டில் எத்தனை பேர் அறிந்திருந்தார்கள்? கிரிக்கெட் வீரர் ஒருவரின் விரல் சுளுக்கிக்கொண்டால் அதற்கு நான்கு பத்தி ஒதுக்கும் நமது பத்திரிகா உலகம், சர்வதேசப் பந்தயம் ஒன்று நம் வீட்டுக்கே வந்தபோது தலையைத் திருப்பிக்கொண்டது. இக்குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு. இவ்விளையாட்டுக்கு ஒரு திட்டமான பெயர்கூட நாம் வைக்கவில்லை. கைப்பந்து என்று எழுதினால் வாசகர் வாலிபால் என்று எண்ணுகிறார். எறிபந்து என்றால் அது வேறொரு பள்ளிக்கூட ஆட்டம். ஆகையால் ஹேண்ட்பால் என்றே எழுதி வருகிறோம்.

ஆட்டத்தின் முறை எளிது. ஒரு பக்கத்துக்கு எழுவர். அவர்களில் ஒருவர் கோல் காப்பவர். பந்தைக் கையால் பிடித்தும், தரையில் தட்டியும், ஒருவருக்கொருவர் எறிந்தும் கொண்டு சென்று எதிரியின் கோலுக்குள் வீச வேண்டும். பந்தைப் பிடித்துக்கொண்டு மூன்று அடிக்கு மேல் நடக்கக் கூடாது. மூன்று விநாடிக்கு மேல் சும்மா வைத்திருக்கவும் கூடாது. கோலைச் சுற்றி ஆறு மீட்டர் கோட்டுக்குள் காப்பவரைத் தவிர யாரும் காலூன்றலாகாது. ஆகவேதான் வீசுகிறவர்கள் கோட்டுக்கு வெளியிலிருந்து எம்பி, அந்தரத்தில் இருக்கும்போதே பந்தை விடுகிறார்கள். அரை மணியாக இரண்டு பாகம், ஓயாத ஓட்டம். நுரையீரலும் தோளும் வலுவாக இருப்போருக்கென்றே அமைந்த ஆட்டம் என்று சொல்லலாம்.

டில்லித் தோல்வியைப் பேசும்போது அதற்கு முந்திய ஒரு வெற்றியையும் சொல்ல வேண்டும். 2022-ம் வருஷம் மார்ச் மாதம் கஜகஸ்தானின் அல்மாட்டி நகரில் நடந்த ஆசிய இளம் பெண்கள் பந்தயத்தில், நமது பெண்கள் கடைசி ஆட்டத்தில் தாய்லாந்தை 41-18 என்று முறியடித்துத் தங்கம் வென்றார்கள். கொரியா, ஜப்பான், சீனா ஆகிய பெரிய அணிகள் அங்கு வரவில்லை என்பது உண்மை. அதை மறைத்துப் பெருமையடித்துக்கொள்வது நமக்கு அழகல்ல. ஆயினும் ஆசியாவில் இவ்விளையாட்டில் பாரதப் பெண்கள் அடைந்த முதல் பட்டம் அது. அப்பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதே நாம் கவனிக்க வேண்டிய விஷயம். பம்பாயிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்தவர்களல்ல. அந்த அணியில் கணிசமானோர் ஹிமாசலப் பிரதேசத்துக் கிராமத்துப் பெண்கள்.

அந்த ராஜ்யத்து பிலாஸ்பூர் ஜில்லாவில் மோர்சிங்கி என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே சிநேகலதா என்னும் பயிற்சியாளரும் அவருடைய கணவரும் சேர்ந்து ஒரு ஹேண்ட்பால் பயிற்சிக்கூடத்தை நடத்தி வருகிறார்கள். சர்க்கார் உத்தரவு எதற்கும் காத்திராமல், சொந்த முயற்சியில் தொடங்கிய காரியம். சுற்றுவட்டாரத்து ஏழைக் குடியானவர்களின் பெண்களை அங்கேயே தங்க வைத்து, படிப்பும் பயிற்சியும் தருகிறார்கள். அங்கிருந்து புறப்பட்டவர்கள் ஹிமாசல அணியையும், பாரத அணியையும் பல தடவை நிரப்பியிருக்கிறார்கள். ஒரு மலைக் கிராமம், ஒரு திடல், விடாப்பிடியான ஒரு தம்பதி: அங்கே இருந்த மூலதனம் அவ்வளவுதான்.

இச்செய்தியை அறிந்தபோது நமது மனம் சேலத்துக்கு வடக்கே நிற்கும் சேர்வராயன் மலைக்குச் சென்றது. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைகிறவர்கள் ஏரியையும் படகையும் பார்க்கிறார்கள். மே மாதத்து மலர்க் காட்சியைப் பார்க்கிறார்கள். பகோடா முனையில் நின்று படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அம்மலையின் பழங்குடியான மலையாளி ஜனங்களின் ஊர்கள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. அவ்வூர்ப் பெண் குழந்தைகள் பள்ளிக்கூடத்துக்கு நடக்கும் தூரத்தையும், ஏறி இறங்கும் மேடு பள்ளத்தையும் கண்டவர்களுக்கு, இவர்களுடைய நுரையீரலையும் கால்களையும் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் பிறந்து வளர்கிற பெண்கள் இவர்கள். டில்லியில் ஆசியாவின் பெண்கள் பந்தெறிந்து கொண்டிருந்த அந்த டிஸம்பர் மாதம், இம்மலையில் காப்பிப் பழம் சிவக்கும் காலம். இவர்களுடைய தாய்மார்கள் தோட்டங்களில் பழம் பறித்துக் கொண்டிருந்திருப்பார்கள்.

மலையில் விளையாட்டுத் திடல்களே இல்லை என்று சொல்ல முடியாது. நூறு வருஷம் கடந்த ஆங்கிலப் பள்ளிகள் ஏற்காட்டில் இருக்கின்றன. அவற்றின் பசும்புல் மைதானங்கள் பிரசித்தமானவை. ஆனால் அவை வெளியூர்ச் செல்வர்களின் பிள்ளைகளுக்கானவை. மலைவாசிகளின் பிள்ளைகள் படிக்கும் சர்க்கார் உண்டு உறைவிடப் பள்ளிகளின் நிலை வேறு.

"மலைச் சரிவில் மைதானத்துக்கு எங்கே போவது?" என்று உத்தியோகஸ்தர்கள் கேட்கக் கூடும். கால்பந்துக்கு முழு அளவு மைதானம் என்றால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் ஏக்கர் சமநிலம் வேண்டும். அது மலைமேல் சிரமம்தான். ஹேண்ட்பாலுக்கு வேண்டியது 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம். சுற்றிலும் விட வேண்டிய இடத்தையும் சேர்த்தால்கூடக் கால் ஏக்கருக்குள் அடங்கிவிடும். கோல் கம்பம் இரண்டு மீட்டர் உயரம், மூன்று மீட்டர் அகலம். உள்ளூர்த் தச்சரே செய்து தருவார். ஏற்காட்டுத் தோட்டங்களில் காப்பி உலர்த்தும் களங்கள் எத்தனை இருக்கின்றன! காப்பிக் காலம் முடிந்தபின் அவை பெரும்பாலும் வெறுமனே கிடக்கின்றன. சிமெண்டுத் தரையில் விழுந்தால் முழங்கால் பெயர்ந்துவிடும் என்பது வாஸ்தவம். அதனால் களத்தையே நம்பியிருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இடம் இல்லை என்ற சாக்கு நிற்காது என்பதே நமது வாதம்.

இன்னொரு தடையும் சொல்லப்படும். அது உத்தியோகஸ்தர்களிடமிருந்து வராது, நம் வீடுகளிலிருந்தே வரும். வயது வந்த பெண் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு நாலு பேர் முன்னால் ஓடுவதா என்பார்கள். டில்லியில் ஆடிய ஈரானியப் பெண்கள் தலையை மூடி, உடல் முழுவதும் மறைத்தே ஆடினார்கள். உலகப் பந்தயத்துக்கும் சென்றார்கள். மறுபுறம் 2021-ல் பல்கேரியாவின் வார்ணா நகரில் நடந்த ஐரோப்பியக் கடற்கரை ஹேண்ட்பாலில், விதித்த சிற்றுடைக்குப் பதிலாக அரைக்கால் சட்டை அணிந்த குற்றத்துக்காக நார்வேப் பெண்களுக்கு 1,500 யூரோ அபராதம் போட்டார்கள். உலகமே நகைத்தது, அவ்வருஷமே விதியும் மாறிற்று. ஓரிடத்தில் ஆடை குறைந்தது என்று கோபம், இன்னோரிடத்தில் கூடிற்று என்று அபராதம்! எது அணிவது என்பதை ஆடுகிற பெண்களிடமே விட்டுவிட்டால் இரு சாராரின் தொல்லையும் தீரும்.

கொரியாவைப் பார்ப்போம். அங்கே ஹேண்ட்பால் ஜனங்களின் செல்லப் பிள்ளையல்ல. பேஸ்பாலுக்கும் கால்பந்துக்கும் கூடுகிற கூட்டத்தில் சிறு பகுதிகூட இதற்குக் கிடையாது. அப்படியிருந்தும் 1988-லும் 1992-லும் அந்நாட்டுப் பெண்கள் ஒலிம்பிக் தங்கம் வென்றார்கள். 1995-ல் உலகப் பட்டமும் பெற்றார்கள். 2022-ல் அவர்களுடைய பள்ளிச் சிறுமிகள் பதினெட்டு வயதுக்குட்பட்டோர் உலகப் பந்தயத்தில் டென்மார்க்கை 31-28 என்று வென்றார்கள். இளம் வயதிலேயே பள்ளிக்கூடத்தில் பொறுக்கி எடுத்துப் பழக்குவதன் பலன் இது. நமது சம்மேளனமோ பந்தயம் நடக்கும்போது முகாம் போடுகிறது, முடிந்ததும் கலைத்துவிடுகிறது.

சேலம் ஜில்லாவுக்கு இவ்விஷயத்தில் வெளிநாட்டு உதாரணம்கூட அவசியமில்லை. பெரியவடகம்பட்டிக் கிராமத்து மாரியப்பன் தங்கவேலு 2016-ல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். கால் ஊனமுற்ற அச்சிறுவனிடம் இருந்த திறமையை முதலில் கண்டவர் அவருடைய பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். அந்த ஒரு ஆசிரியரின் கண் இல்லாவிடில் அந்தப் பதக்கமும் இல்லை. ஏற்காட்டு மலையில் அப்படிப்பட்ட கண்கள் எத்தனை இருக்கின்றன? மலைமேல் உத்தியோகம் என்றால் வந்த நாளே இடமாற்றத்துக்கு மனுப்போடுகிற வழக்கம் நாம் அறியாததல்ல. ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறிக்கொண்டிருந்தால் எந்தப் பெண்ணும் பந்தை நேராக எறியக் கற்கமாட்டாள்.

தமிழ்நாட்டு சர்க்கார் விளையாட்டில் தேறினவர்களுக்கு உத்தியோகங்களில் நூற்றுக்கு மூன்று இடம் ஒதுக்கியிருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒதுக்கிய இடத்துக்கு வந்து சேரும் பாதை சேலம் நகரத்தில் தொடங்குகிறதே ஒழிய, சேர்வராயன் கோவிலடியில் தொடங்கவில்லை. சென்னையில் உள்ளரங்கம் கட்டக் கோடிகள் ஒதுக்கும்போது மலைமேல் ஒரு கால் ஏக்கரைச் சமப்படுத்தச் சில லட்சம் கேட்பது பேராசையாகாது. அதைவிட முக்கியமாக ஐந்து வருஷமாவது இறங்கிப் போகாத ஒரு பயிற்சியாளர் வேண்டும். பெண்ணாக இருந்தால் உத்தமம். அம்மலையிலேயே பிறந்தவராக இருந்தால் அதனினும் உத்தமம். அவருக்குக் குடியிருக்க வீடும், மலைப்படியும் கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு மாலையில் வயிறார ஆகாரமும் வேண்டும். வெறும் வயிற்றோடு ஒரு மணி நேரம் ஓட முடியாது.

சேலத்துத் தேச ஊழியர்களுக்கும் இதில் வேலை உண்டு. தேர்தல் காலத்தில் ஒவ்வொரு மலை ஊருக்கும் ஜீப்பில் ஏறிப் போகிறவர்கள், இப்போது ஒரு தடவை போய், எந்தப் பள்ளிக்கு அருகில் கால் ஏக்கர் நிலம் இருக்கிறது, அது வனத்துறையினுடையதா வருவாய்த் துறையினுடையதா என்று விசாரித்து, விவரத்தைக் கலெக்டரிடம் எழுதிக் கொடுக்கலாம். தோட்டத்துரைமார்களிடம் களத்தைக் கோடையில் இரண்டு மாதம் கேட்டு வாங்கலாம். அடுத்த காப்பிப் பறிப்புத் தொடங்குவதற்கு முன் ஒரே ஒரு பள்ளியிலாவது கோடு கிழித்துக் கம்பம் நட்டாக வேண்டும். மனுவை யார் கொடுத்தார், எந்தத் தேதியில் கொடுத்தார், என்ன பதில் வந்தது என்பதை நமக்கு எழுதினால் இப்பத்தியிலேயே பிரசுரிக்கிறோம்.