நிறம் மறைக்கும் வாக்குகள்

தேர்தல் முடிவுகளை நிறந்தீட்டிக் காட்டும் மின்திரை வரைபடங்கள் ஜனநாயகத்தை மக்களின் விரல் நுனிக்கே கொண்டுவந்துவிட்டன என மகிழ்வோர் பலர். தொகுதியைத் தொட்டால் எண்கள் விரிகின்றன. அவ்வசதியை நாம் பழிக்கவில்லை. ஆயின், விரல் படுமுன்னரே கண்ணிற் படும் நிறம் உண்மை பேசுகிறதா என்பதே எமது கேள்வி.

எமது மாத்தளை மாவட்டத்தில் தம்புள்ளை, லக்கல, மாத்தளை, இறத்தோட்டை எனத் தொகுதிகள் நான்கு. முன்னணியில் நின்றவரின் நிறமே தொகுதி முழுவதற்கும் பூசப்படுகிறது. நக்கிள்ஸ் மலைக்காடுகளைக் கொண்ட லக்கல படத்திலே பரந்து கிடக்க, சனநெருக்கம் மிக்க மாத்தளை நகரம் ஒரு மூலையில் ஒடுங்குகிறது. காட்டு மரங்களுக்கும் வாக்குரிமை உண்டோ?

இதனினும் பெரிய பிழை ஒன்றுண்டு. தொகுதிவாரியாகப் பிரதிநிதிகளைத் தெரிந்த கடைசிப் பொதுத் தேர்தல் 1977 இல் நடந்தது. 1989 முதல் மாவட்ட வாக்குகளின் விகிதப்படியே ஆசனங்கள் பகிரப்படுகின்றன. 2024 நவம்பரில் மாத்தளையின் ஐந்து ஆசனங்களுள் நான்கு தேசிய மக்கள் சக்திக்கும் ஒன்று ஐக்கிய மக்கள் சக்திக்கும் கிடைத்தன. ஒரே நிறம் பூசிய படத்தில் அந்த ஐந்தாவது ஆசனத்தை எங்கே தேடுவது? அதே ஆண்டு செப்டெம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலின் முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்க பெற்றது 42.31 சதவீதம். எஞ்சிய பெரும்பாலோரின் விருப்பத்தை அவ்வத்தொகுதியில் முந்தியவரின் நிறம் மூடிவிடுகிறது.

தபால் மூல வாக்குகளோ மாவட்டத்துக்கு ஒன்றாகத் தனியே அறிவிக்கப்படுவன. தேர்தற் கடமைக்குச் செல்லும் ஆசிரியர் பலரின் வாக்கு அவற்றுள் அடங்கும். தொகுதிப் படத்திலே அவற்றுக்கு ஓரடி நிலமும் இல்லை.

கணக்கிலிருந்து மனிதர் மறைவது மலையகத்துக்குப் புதிதன்று. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948 இன் குடியுரிமைச் சட்டமும் 1949 இன் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தொழிலாளருள் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. 1952 தேர்தலுக்கு இத்தகைய படம் வரைந்தால் அத்தொகுதிகளும் குறையின்றி நிறம் பெற்றே நிற்கும். லயன்களில் வாக்கற்று வாழ்ந்தோரைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லாது.

ஆதலால், நிலப்பரப்பை விடுத்து வாக்காளர் தொகைக்கேற்பப் படம் வரையப்படல் வேண்டும். ஒவ்வொரு கட்சியின் பங்கும், தபால் வாக்கும், நிராகரிக்கப்பட்ட வாக்கும், வாக்களியாதோர் தொகையும் அதில் இடம்பெறல் வேண்டும். அத்தகைய படம் வரும்வரை ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. தேர்தல் ஆணைக்குழு வெளியிடும் எண்களைக் கரும்பலகையில் எழுதி, ஆயிரம் வாக்குக்கு ஒரு புள்ளியென மாணவரைக் கொண்டே வரையச் செய்வோம். தோற்றவருக்கு வாக்களித்தோரும் இம்மாவட்டத்து மக்களே என்பதை அவர்கள் தம் கையாலேயே கற்றுக்கொள்ளட்டும்.