சிந்தனை மீட்சியா, சடங்கா?

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் நாள்தோறும் எழுதப்படும் எழுத்துகளுள் மிகச் சிறியது, ஆசிரியரின் நாள் பாடத்திட்டத்தின் அடியில் இடம்பெறும் 'சிந்தனை மீட்சி'. அளவில் சிறியதாயினும் ஆசிரியப் பணியின் உயிர்நிலை அதனுள்தான் குடிகொண்டிருக்க வேண்டும். கற்பித்து முடித்தவர் தம் கற்பித்தலைத் தாமே திரும்பிப் பார்த்து, நிறைந்தது யாது, குறைந்தது யாது, நாளை செய்யத்தக்கது யாது என்று எண்ணுவதற்கென்றே அச்சிறு கட்டம் ஒதுக்கப்பட்டுள்ளது. ஆனால், அக்கட்டத்தில் நடப்பது என்ன? "25 மாணவர்களுள் 20 பேர் இன்றைய நோக்கத்தை அடைந்தனர், எஞ்சிய 5 பேருக்குக் குறைநீக்கல் நடவடிக்கை வழங்கப்படும்" என்னும் ஒரே வாக்கியம், எண்களை மட்டும் மாற்றிக்கொண்டு, பள்ளியாண்டின் முதல் நாள் தொடங்கி இறுதி நாள் வரை வலம் வருகிறது. வாசிப்புப் பாடமா? அதே வாக்கியம். இலக்கணமா? அதே வாக்கியம். செய்யுளும் மொழியணியுமா? அப்போதும் அதுவே. அவ்வாக்கியத்தில் சிந்தனையும் இல்லை, மீட்சியும் இல்லை. எஞ்சி நிற்பது ஒரு கழித்தல் கணக்கு மட்டுமே.

எல்லா ஆசிரியரும் இவ்வாறே எழுதுகின்றனர் என்று கூறுவது பழியாகும். தம் பாடத்தைத் தாமே உரசிப் பார்க்கும் நல்லாசிரியர்கள் இந்நாட்டில் என்றும் இருந்துள்ளனர், இன்றும் இருக்கின்றனர். ஆயினும், அவர்களுடைய உழைப்பும் அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் புதையுண்டு போகிறது என்பதுதான் வருந்தத்தக்க உண்மை.

அந்த வாக்கியத்தின் முதற் குறை எல்லாரும் அறிந்ததே. எஞ்சிய ஐவர் ஒரே காரணத்தால் எஞ்சியவரா? ஒரு பிள்ளைக்கு ரகர றகர வேறுபாடு பிடிபடாமல் இருக்கலாம். மற்றொரு பிள்ளைக்கு வெண்பலகை எழுத்தே மங்கலாகத் தெரியலாம். வேறொரு பிள்ளை மூன்று நாள் பள்ளிக்கு வராமல் இருந்திருக்கலாம். நான்காம் பிள்ளை காலையில் ஒன்றும் உண்ணாமல் வந்திருக்கலாம். ஐந்தாம் பிள்ளைக்குப் பாடம் விளங்கியும் வினாவில் உள்ள ஒரு சொல் விளங்காமல் இருக்கலாம். ஐந்து நோய்க்கும் ஒரே மருந்து கொடுக்கும் மருத்துவரை ஊர் நம்புமா? ஐந்து தடைகளுக்கும் ஒரே 'குறைநீக்கல்' என்னும் சொல்லை மட்டும் எப்படி நம்புவது?

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலோர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. எஞ்சிய ஐவரைப் பற்றியாவது அவ்வாக்கியம் ஏதோ ஒன்று செய்யப்படும் என்று உறுதி கூறுகிறது. வெற்றி பெற்ற இருபதின்மரைப் பற்றி அது கூறுவது என்ன? அவர்கள் எவ்வாறு வென்றனர்? பீடிகையாலா? ஆசிரியர் கேட்ட ஒரு வினாவாலா? குழுவில் இருந்த தோழியாலா? அல்லது, பாடம் தொடங்குமுன்பே அவர்கள் அறிந்திருந்த ஒன்றைத்தான் ஆசிரியர் கற்பித்தாரா? இவ்வினாக்களுள் ஒன்றுக்கேனும் விடை காணாமல் 'இருபது' என்று எழுதி முடிப்பவர், வெற்றியை எண்ணியிருக்கிறாரேயன்றி அறிந்திருக்கவில்லை. காரணம் அறியாத வெற்றி, தற்செயலாகக் கிடைத்த பொருளுக்கு ஒப்பானது. அதை மீண்டும் பெற வழி தெரியாது. பிறருக்குக் கொடுக்கவும் இயலாது.

ஆசிரியர் அறைகளில் நிகழும் உரையாடல்களும் இக்குறையையே காட்டுகின்றன. வீட்டில் தமிழ் ஒலிப்பதில்லை, கைப்பேசி பிள்ளைகளைக் கெடுக்கிறது, பெற்றோருக்கு அக்கறை இல்லை என்னும் முறையீடுகளுக்கு அங்கே பஞ்சமில்லை. அவற்றுள் உண்மையும் உண்டு. ஆனால், "நேற்று என் வகுப்பில் ஒரு பாடம் நன்றாக அமைந்தது, ஏன் அமைந்தது என்று பார்ப்போம், வாருங்கள்" என்று ஒருவர் தொடங்குவது அரிது. தோல்விக்குக் காரணம் தேடும்போது வகுப்பறைக்கு வெளியே பார்ப்பதும், வெற்றிக்குக் காரணம் தேடாமலே விடுவதும் பழக்கமாகிவிட்டால், ஆசிரியரின் கைக்கு எட்டியதாக எஞ்சுவது எது?

எடுத்துக்காட்டாக, ஐந்தாம் ஆண்டு வகுப்பு ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். தன்கதை எழுதச் சொன்னால் மனப்பாடம் செய்த தொடர்களையே அடுக்கி வைக்கும் மாணவர்கள் அவர்கள். ஆசிரியர் ஒருநாள் வழக்கத்தை மாற்றுகிறார். வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் பால்மரக் காட்டு வாழ்க்கையைப் பற்றிக் கேட்டு வரச் சொல்கிறார். மறுநாள், கேட்டு வந்ததை ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவருக்கு வாய்மொழியாகச் சொல்கின்றனர். அதன் பின்னரே எழுதுகின்றனர். அரைப் பக்கம் எழுதத் திணறியவர்கள் ஒன்றரைப் பக்கம் எழுதுகின்றனர். விடியற்காலைப் பெரட்டும், வாளியும், மழை நாளில் வெட்டு நின்றுபோன கவலையும் கட்டுரைக்குள் வந்துவிடுகின்றன. ஆசிரியர் மகிழ்கிறார். பின்னர், "25 பேரும் நோக்கத்தை அடைந்தனர்" என்று எழுதி ஏட்டை மூடிவிடுகிறார்.

இங்கேதான் இழப்பு நேர்கிறது. இவ்வெற்றிக்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கக்கூடும். பொருள் மாணவரின் குடும்பத்துக்கு உரியதாய் இருந்தது ஒன்று. எழுதுவதற்கு முன் வாயால் சொல்லிப் பழகியது இரண்டு. கேட்பதற்கு ஓர் உண்மையான ஆள் எதிரே இருந்தது மூன்று. எது மெய்க் காரணம் என்பதைப் பொறுத்து அடுத்த பாடம் வெவ்வேறாக அமையும். பொருள்தான் காரணமென்றால் சந்தை, கோயில் திருவிழா, அடுக்குமாடி வாழ்க்கை என அவர்கள் அறிந்த பொருள்களைத் தேட வேண்டும். வாய்மொழிப் பயிற்சிதான் காரணமென்றால் எப்பொருளாயினும் முதலில் பேசவைத்துப் பின்னர் எழுதவைக்க வேண்டும். எதிரே இருந்த ஆள்தான் காரணமென்றால் எழுதியதை யாரேனும் படிப்பதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். இதைக் கண்டறிவது அரிய செயலும் அன்று. அடுத்த கிழமை பொருளை மாற்றி, வாய்மொழிப் பயிற்சியை மட்டும் வைத்துக்கொண்டு பார்த்தால் ஓரளவு விளங்கும். அதற்கடுத்த கிழமை பொருளை வைத்துக்கொண்டு வாய்மொழிப் பயிற்சியை நீக்கிப் பார்த்தால் மேலும் விளங்கும். பயிற்சிக் கழகங்களில் 'செயலாய்வு' என்னும் பெயரால் கற்பிக்கப்படுவதன் சாரம் இதுவே. பட்டத்துக்காக ஒருமுறை செய்து அட்டை கட்டி அடுக்கிவைப்பதற்காக அது தோன்றவில்லை.

புதிய உத்திகளைப் பற்றிய ஆரவாரத்தையும் இங்கே உரைத்துப் பார்க்க வேண்டும். 1983-இல் கேபிஎஸ்ஆர் வந்தது. 2011-இல் கேஎஸ்எஸ்ஆர் வந்தது. ஒவ்வொன்றோடும் புதிய சொற்களும் பட்டறைகளும் படிவங்களும் வந்தன. புதியனவற்றை வெறுப்பது அறிவுடைமை ஆகாது. ஆனால், பழைய வெற்றியை ஆராயாதவர் கையில் புதிய உத்தி என்ன ஆகும்? பட்டறை முடிந்த மாதம் வகுப்பறை வண்ணத்தாள்களால் நிறையும். மறுமாதம் அவை அலமாரிக்குள் உறங்கும். அதற்குள் அடுத்த பட்டறைக்கு அழைப்பு வந்துவிடும்.

சகமாணவர் கற்றல் என்பது இன்று புதிய உத்தியாகப் போற்றப்படுகிறது. திண்ணைப் பள்ளியில் மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்ததை மறந்துவிட முடியுமா? இந்நாட்டின் தோட்டப் பள்ளிகளிலும், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளையும் சேர்த்து நடத்த நேர்ந்த காலம் உண்டு. ஒரு வகுப்பு எழுத, மற்றொரு வகுப்பு படிக்க, வேறொன்றை எவ்வாறு கட்டிக் காப்பது என்னும் கலை அவ்வாசிரியர்களின் கையில் இருந்தது. இன்றும் 150க்கும் குறைந்த மாணவரைக் கொண்ட தமிழ்ப்பள்ளிகள் பல உள்ளன. அவற்றுள் மிகச் சிறியவற்றில் இரண்டு ஆண்டு மாணவர்கள் ஒரே அறையில் அமர்கின்றனர். முன்னோர் கண்ட வழி அவர்களுக்கு எத்துணைப் பயன்பட்டிருக்கும்! எழுதி வைக்கப்படாமையால் அவ்வறிவின் பெரும்பகுதி, கண்டவர்களோடு போயிற்று.

அண்மைக் காலத்திலும் இதே கதைதான். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபின் பள்ளிகள் மூடப்பட்டன. ஆசிரியர்கள் கைப்பேசி வழியே பாடம் நடத்தக் கற்றனர். வகுப்பில் வாய் திறவாத பிள்ளைகள் சிலர், வீட்டில் தனியே வாசித்துப் பதிவு செய்த குரலை ஆசிரியருக்கு அனுப்பினர். பிழை நேர்ந்தால் அழித்துவிட்டு மீண்டும் வாசிக்கலாம். சிரிக்க எவரும் இல்லை. அந்தத் துணிவே அவர்களை வாசிக்க வைத்தது என்று கொள்ள இடமுண்டு. பள்ளிகள் மீண்டும் திறந்தபோது பல இடங்களில் அப்பழக்கம் கைவிடப்பட்டது. இக்கட்டுக்காலத்து மாற்று வழி என்றே அது கருதப்பட்டது. கூச்சம் மிக்க பிள்ளைக்கு அது ஒரு நல்வாயில் என்பதை எழுதி வைத்தவர் எத்தனை பேர்?

தொழிலை ஆராய்ந்து தொழிலை வளர்ப்பது எங்கும் உள்ள நெறிதான். தம் செயலைச் செய்யும்போதும் செய்தபின்னும் எண்ணிப் பார்ப்பவரே தேர்ந்த தொழிலர் என்பதை அமெரிக்க அறிஞர் டோனல்ட் ஷோன் 1983-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். ஜப்பானிய ஆசிரியர்கள் ஒரு பாடத்தைக் கூடித் திட்டமிடுகின்றனர். ஒருவர் கற்பிக்க, மற்றவர் மாணவரைக் கவனிக்கின்றனர். பின்னர்க் கூடி ஆராய்கின்றனர். கடல் கடந்து செல்லவும் வேண்டியதில்லை. 1950களின் தொடக்கத்தில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் நடத்திய 'கதை வகுப்பு', எழுதப் பழகியவர்களுக்குக் கதைக்கலையைக் கற்பித்து, இந்நாட்டு எழுத்துலகுக்குப் புதியவர்களைத் தந்தது. கதை எழுதுவதையே வகுப்பு வைத்துக் கற்பிக்கலாம் என்று துணிந்த சமுதாயத்தில், கற்பிக்கும் கலையைக் கூடியிருந்து ஆராய்வது மட்டும் அரிதாகிவிடுமா?

நேரமில்லை என்பது முதல் மறுப்பு. கணினியில் பதிவு, கோப்பு, போட்டி, விழா என்று ஆசிரியரின் நேரத்தை விழுங்கும் பணிகள் மலிந்திருப்பது மெய். அதனால்தான் நாள்தோறும் எழுதும் பொய்ச் சிந்தனையைக் குறைத்து, கிழமைக்கு ஒருமுறை மெய்ச் சிந்தனையை எழுதலாம் என்று கூற வேண்டியுள்ளது. வெற்றியைப் பேசுவது தற்புகழ்ச்சி என்பது இரண்டாம் மறுப்பு. "நான் சிறந்தவன்" என்பது தற்புகழ்ச்சி. "இந்த வினா இப்பிள்ளைகளைப் பேச வைத்தது" என்பது தொழிலறிவு. இரண்டையும் வேறுபடுத்தத் தெரியாதவர் ஆசிரியராய் இருத்தல் அரிது. மேலிடம் ஏற்குமா என்பது மூன்றாம் மறுப்பு. இதற்கு விடை கூற வேண்டியவர்கள் தலைமையாசிரியர்களும் அதிகாரிகளுமே. கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கையொப்பமிடும் கண், நிரப்புவதையே கற்றுக்கொடுக்கும். "இப்பாடம் ஏன் வென்றது?" என்று ஒருமுறை கேட்கும் தலைமையாசிரியர், நூறு சுற்றறிக்கை செய்யாததைச் செய்துவிடுவார்.

செய்ய வேண்டியவை சிலவே. கிழமைக்கு ஒரு பாடத்தைத் தேர்ந்து, நடந்தது, அதற்குரிய காரணம் எனக் கருதுவது, அடுத்துச் செய்து பார்க்கப் போவது ஆகிய மூன்றையும் மூன்று வாக்கியங்களில் எழுதலாம். மாதம் ஒருமுறை தமிழாசிரியர் கூட்டத்தின் முதல் அரைமணியை அறிவிப்புகளுக்கன்றி இவ்வேட்டுக்கே ஒதுக்கலாம். 'நிபுணத்துவக் கற்றல் சமூகம்' என்னும் பெயர் பெற்ற கூட்டங்கள் அப்போதுதான் அப்பெயருக்கு உரியனவாகும். ஆண்டிறுதியில் பள்ளிதோறும் சிறந்த பத்துக் குறிப்புகளைத் தொகுத்துப் புதிதாய் வரும் ஆசிரியர் கையில் கொடுக்கலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவும் இல்லை. மேலிடத்து ஆணையும் வேண்டியதில்லை. பயிற்சி ஆசிரியர்களாக வகுப்பறைக்குள் நுழையும் மாணவர்களோ, முதல் நாளிலேயே இப்பழக்கத்தைத் தொடங்கிவிடலாம்.

1988-இல் தொடங்கிய யூபிஎஸ்ஆர் தேர்வு 2019-இல் இறுதியாக நடந்து, 2021-இல் அகற்றப்பட்டது. அத்தேர்வு இருந்தவரை, வகுப்பறையில் நடந்தது நன்றா தீதா என்று வெளியிலிருந்து ஒரு விடை வந்துகொண்டிருந்தது. தேர்வுகள் வரலாம், போகலாம். ஆறு அடைவுநிலைகளுள் ஒரு பிள்ளை எந்நிலையில் நிற்கிறது என்பதைக் கண்டு கூற வேண்டியவர், அப்பிள்ளையின் எதிரே நிற்கும் ஆசிரியர்தான். அவர் கண் மங்கினால் அக்குழந்தையின் நிலையைக் காட்டும் கண்ணாடி வேறு இல்லை.

1816-இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்பாகத் தொடங்கிய கல்வி, இரு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது. 1957-இல் 800க்கும் மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500க்குச் சற்று மேற்பட்டனவாகக் குறைந்துள்ளன. இப்பள்ளிகளைக் காப்பதற்கு மேடைகளில் முழங்குவோர் பலர். ஆயினும், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் சேர்ப்பதா வேண்டாவா என்று எண்ணும் தாயின் முன் அம்முழக்கம் செல்லாது. அண்டை வீட்டுப் பிள்ளை பள்ளியில் என்ன கற்று வந்தது என்பதையே அவள் பார்ப்பாள். அக்கல்வி சிறந்ததென அவள் காண வேண்டுமாயின், ஒரு வகுப்பறையில் கண்ட வெற்றி அடுத்த வகுப்பறைக்கும் அடுத்த ஆண்டுக்கும் சென்று சேர வேண்டும். அதற்கான வழி ஆசிரியர் கையிலுள்ள ஏட்டின் கடைசிக் கட்டத்திலேயே இருக்கிறது. இருபது என்று எழுதிய கை, 'ஏன்' என்று இன்னொரு சொல்லையும் எழுதட்டும்.