இன்னது படிப்பதென்று தெரியாத பிள்ளைகள்

ஆண்டுதோறும் மே மாதத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின் முடிவுகள் வெளியானவுடன் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரு விசாரணை ஆரம்பமாகிவிடுகிறது. மேலே என்ன படிக்கப் போகிறாய் என்று தகப்பனார் கேட்கிறார், தாய்மாமன் கேட்கிறார், எதிர்வீட்டுக்காரரும் கேட்கிறார். விடை சொல்ல வேண்டிய பிள்ளைக்கோ வயது பதினேழு. வைத்தியம் என்றோ, கம்ப்யூட்டர் என்றோ தயங்காமல் சொல்லிவிடுகிறவனைக் கெட்டிக்காரன் என்று எல்லோரும் மெச்சுகிறார்கள். இன்னும் தெரியவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லுகிறவனை மந்தன் என்றும் பொறுப்பற்றவன் என்றும் ஏசுகிறார்கள். இந்த ஏச்சு அநியாயமானது என்பது நமது அபிப்பிராயம்.

அந்தப் பிள்ளை இதுவரை எதைக் கண்டிருக்கிறான்? பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் காட்டப்பட்டவை ஐந்தாறு பாடங்களே. சட்டம் எப்படி நடக்கிறது, புள்ளிவிவரக் கலை எதற்கு உதவுகிறது, நிலத்தடி நீரை ஆராய்கிறவனுக்கு என்ன வேலை என்பதை அவன் கண்ணால் கண்டதில்லை. செவியால் கேட்டதும் அபூர்வம். போதாக்குறைக்குப் பதினைந்து பதினாறு வயதிலேயே, பதினோராம் வகுப்பில் சேரும்பொழுதே, 'குரூப்' என்ற பெயரால் பாதி வழிகளை அடைத்துவிடுகிறோம். கணிதம் இல்லாத வணிகவியல் பிரிவை எடுத்த பெண், இரண்டு வருஷங்களுக்குப் பின் என்ஜினீயரிங்கில் ஆசை கொண்டால் அவளுக்கு வழி இல்லை. ருசி பார்ப்பதற்கு முன் இலையை எடுத்துவிட்டு, என்ன வேண்டும் என்று கேட்பது போலல்லவா இருக்கிறது இது!

படிப்பு என்றால் உத்தியோகத்துக்குச் சீட்டு என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியது எவ்வாறு என்பதும் சிந்திக்கத்தக்கது. ஆங்கிலம் படித்தவர்களுக்கே ஸர்க்கார் வேலையில் முதலிடம் என்று 1844-ல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் உத்தரவிட்டார். 1857-ல் சென்னைச் சர்வகலாசாலை ஏற்பட்டது. அன்று முதல் பட்டம் வேறு, வேலை வேறு என்று நினைக்க நாம் மறந்தோம். வெள்ளையர் 1947-ல் போய்விட்டனர். அவர்கள் விதைத்த எண்ணம் போகவில்லை. உத்தியோகத்தின் பெயர்தான் மாறியிருக்கிறது. நம் மாநிலத்தில் நானூறுக்கு மேற்பட்ட என்ஜினீயரிங் கலாசாலைகள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் பிரிவுக்கு முண்டியடிக்கும் கூட்டம், கட்டட, இயந்திரப் பிரிவுகளின் பக்கம் முன்போல் வருவதில்லை. இன்று எல்லோரும் ஓடும் துறை நான்கு வருஷங்கள் கழித்து எப்படியிருக்கும் என்று சொல்லவல்ல ஜோசியரை நாம் இன்னும் சந்திக்கவில்லை.

உறுதியில்லாமல் தொடங்கியவர்கள் உருப்படமாட்டார்கள் என்று அஞ்சும் பெற்றோர்கள் ஒரு பெரியவரின் வரலாற்றைக் கவனிப்பாராக. டாக்டர் அப்துல் கலாம் திருச்சிச் செயிண்ட் ஜோசப் கலாசாலையில் பௌதிகம் படித்து 1954-ல் பட்டம் பெற்றார். படித்து முடிக்கும் தறுவாயில்தான் பௌதிகம் தமக்குரிய துறையல்ல என்பது அவருக்குப் புலப்பட்டது. பிறகு சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள தொழில்நுட்பக் கலாசாலையில் விமான என்ஜினீயரிங் படித்தார். அதற்குக் கட்ட வேண்டிய பணத்துக்காக அவருடைய தமக்கையார் தம் நகைகளை அடகு வைத்தார் என்று அவரே எழுதியிருக்கிறார். விமானப்படையில் விமானியாக வேண்டுமென்ற ஆசையும் நிறைவேறவில்லை. எட்டு இடங்களுக்கு ஒன்பதாவதாக வந்தார். இத்தனை திருப்பங்களுக்குப் பின்னரே ராக்கெட்டும் ராஷ்டிரபதி பதவியும்.

இதில் கலாமின் பெருமையைக் காட்டிலும் நாம் எடுத்துக்காட்ட விரும்புவது அந்தக் கலாசாலையின் அமைப்பையே. 1949-ல் ஸ்ரீ சி. ராஜம் அதை ஸ்தாபித்தபொழுது, பள்ளி முடித்த சிறுவர்களை அல்ல, பி.எஸ்ஸி. பட்டம் பெற்றவர்களையே சேர்த்து மூன்று வருஷம் என்ஜினீயரிங் கற்பிக்க ஏற்பாடு செய்தார். விஞ்ஞானத்தின் அடிப்படையைக் கற்று, இருபது வயதில் தன் மனத்தைத் தானே அறிந்துகொண்டு ஒருவன் தொழிலைத் தேடி வருவதற்கு அங்கே வாசல் திறந்திருந்தது. அந்த வாசல் இல்லாதிருந்தால் ராமேசுவரத்துப் பிள்ளை பௌதிக உபாத்தியாயராகவே இருந்திருக்கக்கூடும். பின்னாளில் அங்கும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களைச் சேர்க்கும் நான்கு வருஷப் படிப்பு வந்துவிட்டது. இதை நாம் நஷ்டம் என்றே கருதுகிறோம்.

ஆகவே, மனம் நிலைப்படாத மாணாக்கனுக்கு நாம் சொல்லும் யோசனை எளியது. பிறர் முடிவைக் கடன் வாங்காதே. கணிதம், பௌதிகம், பொருளாதாரம், வணிகவியல், சரித்திரம் என்ற விரிந்த பாடங்களுள் உனக்குச் சலிப்புத் தராத ஒன்றை, வீட்டுக்கு அருகே, குறைந்த செலவில் படி. அதன் பிறகு எந்தப் பட்டதாரியும் மூன்று வருஷச் சட்டப் படிப்பில் சேர விண்ணப்பிக்கலாம். மாநில ஸர்க்காரின் குரூப் 1, குரூப் 2 பரீட்சைகளையும் ஐ.ஏ.எஸ். பரீட்சையையும் எழுதலாம். பள்ளியில் கணிதம் படித்திருந்த பி.எஸ்ஸி. பட்டதாரி, என்ஜினீயரிங்கில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேரவும் விதி இடங்கொடுக்கிறது. இந்த வழி ஒன்று உண்டு என்பதே கிராமத்துக் குடும்பங்களில் பலருக்குத் தெரியாது. கணிதத்தைக் கண்டு ஓட வேண்டிய அவசியம் இல்லாதவர்கள் அதை விடாமல் வைத்துக்கொள்வது நலம் என்பதும் இதனால் விளங்கும்.

"சோற்றுக்கே தாளம் போடும் எங்களுக்கு மூன்று வருஷத்தை யோசனையில் கழிக்கக் கட்டுமா?" என்று ஏழைத் தகப்பன் கேட்பது நியாயமே. ஆனால் கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்க்க வேண்டும். அரசாங்கக் கலைக் கலாசாலையில் ஒரு வருஷக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். அரசாங்கப் பள்ளிகளில் படித்து மேற்படிப்புக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் திட்டம் 2022-லும், பையன்களுக்கு அவ்வாறு அளிக்கும் திட்டம் 2024-லும் தொடங்கப்பட்டன. பிடிக்காத படிப்புக்காகப் பாங்கியில் கடன் வாங்கினாலோ, தவணை கட்டுவது படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் என்றாலும், வட்டி பணம் வாங்கிய நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் நிறுத்தினால் பட்டமும் இல்லை, கடனும் போகாது. ஏழைக்கே தவறான அவசரம் அதிக நஷ்டம் என்பதை எத்தனை குடும்பங்கள் நிலத்தை விற்ற பிறகு அறிந்திருக்கின்றன!

சேர்ந்த பின் இது ஆகாது என்று உணருகிற பிள்ளையை, "கட்டின பணம் போய்விடும்" என்று மிரட்டி உட்கார வைப்பதும் கூடாது. அசல் சான்றிதழ்களைக் கலாசாலைகள் பிடித்து வைத்துக்கொள்ளலாகாது என்றும், குறித்த காலத்துக்குள் விலகுவோருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றும் சர்வகலாசாலை மானியக் குழு 2018-ல் விதித்திருக்கிறது. குமாஸ்தாவின் முகச்சுளிப்புக்கு அஞ்சிப் பெற்றோர்கள் இந்த உரிமையைக் கேளாமல் விட்டுவிடுகிறார்கள்.

ஸர்க்கார் செய்ய வேண்டியதும் உண்டு. 2020-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை, படிப்பில் இடையில் சேருவதையும் விலகுவதையும் பற்றி நிறையப் பேசுகிறது. அதைப் பற்றி நம் மாநிலத்தில் வாதப் பிரதிவாதங்கள் பல. அவற்றில் இங்கே நாம் இறங்கவில்லை. ஒரே கலாசாலைக்குள் ஒரு பாடத்திலிருந்து இன்னொரு பாடத்துக்கு முதல் வருஷ முடிவில் மாறிக்கொள்ளத் தாராளமாக இடங்கொடுப்பதற்கு எந்தக் கொள்கைச் சண்டையும் தடையாக இருக்க வேண்டியதில்லை. குரோம்பேட்டையில் ஒருகாலத்தில் இருந்தது போல், பட்டதாரிகளை மட்டுமே சேர்க்கும் மூன்று வருஷ என்ஜினீயரிங் படிப்பை அரசாங்கக் கலாசாலைகள் சிலவற்றிலாவது மீண்டும் தொடங்கலாம். இன்னின்ன படிப்புக்கு இன்னின்ன வழி என்று பிள்ளைகளுக்கும் பெற்றோர்களுக்கும் விளக்கிச் சொல்லும் வேலை, பத்தாம் வகுப்பு முடிவதற்கு முன்னரே, குரூப் எடுக்கும் படிவம் கையில் வருவதற்கு முன்னரே, ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் நடந்தாக வேண்டும்.