கொடுப்பவருக்கும் இரும்பு வேண்டும்



டென்மார்க்கில் 17 வயது நிறைந்தவர் இரத்ததானம் செய்யலாம். நமது பிள்ளைகளில் சிலர் அந்தப் பிறந்தநாளுக்காகக் காத்திருந்ததுபோல, உடனேயே ஹோர்சன்ஸ் வைத்தியசாலையின் இரத்த வங்கியில் பெயர் கொடுத்துவிடுகிறார்கள். கிம்னாசியத்து நண்பர்களோடு சேர்ந்து போகிறவர்களும் உண்டு. இது தங்கள் ஊழியம் என்று சொல்லிப் போகிறவர்களும் உண்டு. இரண்டுமே நமக்கு மகிழ்ச்சிதான். இந்த நாட்டில் இரத்தத்துக்குப் பணம் கொடுப்பதில்லை. 1932 இல் கோபன்ஹேகனில் தாகே கார்ஸ்டென்சன் என்பவர் சாரணர்களைச் சேர்த்துத் தொடங்கிய கொடையாளர் அணியிலிருந்து வளர்ந்த வழக்கம் இது. அதாவது, தொடக்கத்திலிருந்தே இது இளையோரின் வேலையாகத்தான் இருந்திருக்கிறது.

இந்த மாதம் நாம் எழுத வந்தது, தவறாமல் கொடுத்து வருகிறவர்களின் உடம்பைப் பற்றி. முக்கியமாக நம் பெண்பிள்ளைகளைப் பற்றி.

கொடுத்துவிட்டு வரும் பிள்ளையிடம் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "புளோத்புறொசென்ட் எவ்வளவாம்?" என்பதுதான். ஹீமோகுளோபினுக்கு டெனிஷ்காரர் வழங்கும் பழைய பெயர் அது. நம்முடைய அம்மாமாருக்கும் பழகிவிட்டது. பெண்களுக்கு 7.8, ஆண்களுக்கு 8.4 மில்லிமோல் இருக்கவேண்டும். ஊர்க் கணக்கில் சொன்னால் 12.5, 13.5 கிராம். அதற்கு மேலே இருந்தால், "பிள்ளைக்கு ஒன்றும் இல்லை" என்று எல்லோருக்கும் நிம்மதி. ஊரில் இரத்தம் கொடுத்த பெற்றோருக்கு அந்த நீலத் திரவம் நினைவிருக்கும். விரலில் குத்தி எடுத்த துளியை அதில் விடுவார்கள். துளி தாழ்ந்தால் சரி, மிதந்தால் வீட்டுக்குப் போகலாம். அதுவும் ஹீமோகுளோபினைப் பார்க்கும் ஒரு வழிதான்.

ஆனால் ஹீமோகுளோபின் என்பது இன்றைக்குச் செலவில் இருக்கும் இரும்பு. சேமிப்பில் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லாது. சேமிப்பைக் காட்டுவது பெரிட்டின் என்ற வேறொரு பரிசோதனை. வீட்டில் அரிசி வாளி காலியாகிக்கொண்டு வந்தாலும், அடுப்பில் சோறு வேகிற நாள்வரை சாப்பாட்டு மேசையில் குறை தெரியாதல்லவா? உடம்பும் அப்படித்தான். சேமிப்பை முழுவதும் எடுத்து முடித்த பிறகே ஹீமோகுளோபினைக் குறைய விடும். ஆகவே புளோத்புறொசென்ட் நன்றாக இருக்கும்போதே பெரிட்டின் அடிமட்டத்தில் கிடக்கலாம்.

ஒருமுறை கொடுப்பது ஏறத்தாழ அரை லீற்றர் இரத்தம். அதோடு 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு வெளியே போகிறது. ஓர் ஆணின் சேமிப்பு ஏறக்குறைய 1,000 மில்லிகிராம். மாதவிலக்கு வரும் வயதுப் பெண்ணுக்கு அது 300 அளவில்தான் இருக்கும். பலருக்கு அதுவும் இல்லை. அப்படியானால் ஒரே தடவையில் ஒரு பெண்பிள்ளை தன் சேமிப்பில் பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டு வருகிறாள். இதற்கு மேல் மாதவிலக்கோடு மாதாமாதம் 15, 20 மில்லிகிராம் போகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வதோ நாளொன்றுக்கு 1 அல்லது 2 மில்லிகிராம். அது அன்றாடச் செலவுக்கே சரியாகிவிடும். மேலதிகமாக இன்னும் 1 அல்லது 2 சேர்ந்தால்கூட, கொடுத்ததை ஈடுசெய்ய 4 மாதம் முதல் 8 மாதம் வரை ஆகும். இதற்கிடையில் அடுத்த அழைப்பு வந்துவிடும். பிள்ளையும் சந்தோஷமாகப் போய்விடுவாள்.

இது நாம் கற்பனையில் பயப்படுகிற விஷயம் அல்ல. 2010 இல் தொடங்கிய டெனிஷ் இரத்தக் கொடையாளர் ஆய்வில் 14,737 பேருடைய பெரிட்டினைப் பார்த்து 2014 இல் வெளியிட்டார்கள். சேமிப்பு தீர்ந்த நிலை, அதாவது பெரிட்டின் 15க்குக் கீழே, ஆண்களில் 9 சதவீதம். மாதவிலக்கு நின்ற பெண்களில் 22 சதவீதம். மாதவிலக்கு வருகிற பெண்களில் 39 சதவீதம். பத்துப் பேரில் நான்கு பேர்! இவர்கள் நோயாளிகள் அல்லர். இரத்தம் கொடுக்கத் தகுதியானவர்கள் என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட சுகதேகிகள். கடைசி மூன்று ஆண்டுகளில் எத்தனை தடவை கொடுத்தார்கள், கடைசியாகக் கொடுத்து எவ்வளவு நாளாயிற்று என்பவற்றைப் பொறுத்தும் இந்த நிலை மாறுவதை அந்த ஆய்வு காட்டியது.

பெரிட்டின் குறைந்த எல்லோருக்கும் உடம்பில் ஏதாவது தெரியும் என்று சொல்லமுடியாது. பலருக்கு ஒன்றுமே தெரியாது. தெரிகிறவர்களுக்குக் களைப்பு, படியேறினால் மூச்சு வாங்குதல், படிப்பில் மனம் நிற்காமை, தலைமுடி உதிர்தல் என்று வரலாம். ஐஸ்கட்டியைக் கடித்துக் கடித்துத் தின்னும் ஆசையும் ஓர் அடையாளம். இதைக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் வைத்தியர்கள் நன்றாக அறிந்த அடையாளம் அது.

நம் வீடுகளில் இந்தக் களைப்புக்கு நாம் வேறு பெயர் வைக்கிறோம். நவம்பர் வந்தால் "இருட்டுத்தான் காரணம்" என்கிறோம். அது பாதி உண்மையாகவும் இருக்கலாம். "இரவிரவாகப் போன் பார்த்தால் இப்படித்தான்" என்கிறோம். "பஞ்சி பிடித்தவள்" என்கிறோம். எல்லாவற்றிலும் நமக்கு மனவருத்தம் தருவது இன்னொன்று: வாலிபர் கூட்டத்துக்கு வராமல் படுத்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, ஜெபம் குறைந்துவிட்டது, விசுவாசத்தில் சோர்ந்துபோனாள் என்று முடிவு கட்டுவது. அவள் இரண்டு வருடமாக மற்றவர்களுக்கு இரத்தம் கொடுத்துக் கொடுத்துத் தன் சேமிப்பைத் தீர்த்தவளாக இருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு முதலில் வேண்டியது இரத்தப் பரிசோதனை.

எலியாவை நினைத்துப் பாருங்கள். 1 இராஜாக்கள் 19 ஆம் அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, போதும், சாகிறேன் என்கிற நிலையில் இருக்கிறார். தேவதூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தட்டி எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேபில் பேசவேண்டிய பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். மாற்கு 5 ஆம் அதிகாரத்துப் பெரும்பாடுள்ள ஸ்திரீயையும் நாம் விசுவாசத்துக்கு உதாரணமாகவே பேசுகிறோம். 12 வருடம் இரத்தம் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் அந்தச் சனநெருக்கத்துக்குள் நடந்து வந்ததே எவ்வளவு பெரிய பாடு என்று யோசித்ததுண்டா?

சரி, என்ன செய்யலாம்? டென்மார்க்கின் இரத்த வங்கிகளில் பெரிட்டின் பார்க்கும் வழக்கமும், குறைந்தவர்களுக்கு இரும்புக் குளிசை கொடுக்கும் வழக்கமும் உண்டு. அடுத்தமுறை போகும்போது, என்னுடைய பெரிட்டின் எவ்வளவு, கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேளுங்கள். களைப்பு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் "நலம்" என்று குறித்துவிட்டுப் போய்ப் படுப்பது தியாகம் ஆகாது.

கொடுத்த குளிசையைப் போடவும் வேண்டும். இழுப்பறைக்குள் கிடக்கும் குளிசைப் பெட்டிகளை நாம் எல்லோரும் அறிவோம். 2015 இல் அமெரிக்காவில் 215 கொடையாளர்களை வைத்துச் செய்த ஆய்வில், பெரிட்டின் குறைந்திருந்தவர்கள் இழந்த ஹீமோகுளோபினில் ஐந்தில் நான்கு பங்கை மீட்க, இரும்பு எடுத்தவர்களுக்கு 32 நாளும் எடுக்காதவர்களுக்கு 158 நாளும் சென்றன. இரும்பு எடுக்காதவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு 168 நாளாகியும் சேமிப்பு பழைய நிலைக்கு வரவில்லை. குளிசை வயிற்றைப் புரட்டுகிறது, மலச்சிக்கல் தருகிறது என்றால் நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் ஒவ்வொரு குளிசையிலிருந்தும் உடம்பு கூடுதலாக இரும்பை எடுக்கிறது என்று 2017 இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு குளிசை போட்டதும் ஹெப்சிடின் என்ற ஓமோன் கூடி, அடுத்த நாள் இரும்பு உள்ளே வரும் வாசலைச் சற்றே சாத்திவிடுகிறது என்பதே காரணம்.

நம்முடைய பெரிய இடைஞ்சல் தேநீர். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் சாப்பாட்டில் இருந்த இரும்பில் பெரும்பகுதி உடம்பில் சேராமலே போகும். ஆராதனை முடிந்து சோறும் கறியும் சாப்பிட்ட உடனே தேநீர் ஊற்றுகிற நம் வழக்கத்தை ஒரு மணி நேரமாவது தள்ளிவைக்க முடியுமா என்று சமையலறைப் பொறுப்பாளர்களைத் தாழ்மையுடன் கேட்கிறோம். கீரையிலும் பருப்பிலும் இரும்பு உண்டு. ஆனால் உடம்பு அதை இலகுவில் எடுக்காது. தேசிக்காய் பிழிந்துகொண்டால், அல்லது தோடம்பழச் சாறு குடித்தால் கூடுதலாக எடுக்கும். மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி, ஈரல் என்பவற்றில் இருக்கும் இரும்பு இலகுவாகச் சேரும். டெனிஷ் பிள்ளைகள் கறுப்புப் பாணில் பூசிச் சாப்பிடும் ஈரல் பூச்சை நம் பிள்ளைகளும் விரும்பினால் முகம் சுளிக்காதீர்கள். ஆனாலும் தவறாமல் இரத்தம் கொடுக்கிற பெண்பிள்ளைக்குச் சாப்பாடு மட்டும் போதாமல் போவதே அதிகம்.

பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை. பரிசோதிக்காமல் கடையில் இரும்பு வாங்கிக் கொடுக்கவேண்டாம். நம்மவர்களில் சிலருக்குத் தலசீமியாவின் ஒற்றை மரபணு இருக்கும். அவர்கள் நலமாகவே இருப்பார்கள். ஆனால் ஹீமோகுளோபின் சற்றுக் குறைந்தும் செங்குருதிக் கலங்கள் சிறியனவாகவும் தெரியும். பார்ப்பதற்கு இரும்புக் குறைபாடு போலவே இருக்கும். பெரிட்டின் பார்த்தால்தான் வேறுபாடு விளங்கும். ஆண்களுக்கும் மாதவிலக்கு நின்ற பெண்களுக்கும் பெரிட்டின் குறைந்திருந்தால், இரத்தம் கொடுத்ததுதான் காரணம் என்று தாமாகவே தீர்மானிக்காமல் குடும்ப வைத்தியரிடம் போகவேண்டும். குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று அவர் பார்க்க விரும்பலாம்.

சில மாதம் பொறுத்து வாருங்கள் என்று இரத்த வங்கி சொன்னால் சில பிள்ளைகள் முகம் வாடி வருகிறார்கள்; தங்களை வேண்டாம் என்று தள்ளிவிட்டதாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவர்களுடைய பெயர் பட்டியலில் அப்படியே இருக்கிறது. குளிசை போட்டு, பெரிட்டின் ஏறியதைப் பார்த்துவிட்டு மறுபடி போகலாம். அதுவரைக்கும் அந்த முறையை வீட்டிலுள்ள அண்ணாவோ அப்பாவோ எடுத்துக்கொள்ளலாம். அவர்களுடைய சேமிப்புத்தான் பெரியது என்று மேலே பார்த்தோமே. நம் சபையில் இதுவரை போகாதவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.