குடும்பப் பகுதி: சொந்த வண்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமை



விடுமுறை நாள் நெருங்கினால் பிள்ளைகள் "எங்கேயாவது போகலாமா?" என்று கேட்பதும், பெற்றோர் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தட்டிக் கழிப்பதும் இம்மும்பை மாநகரில் நம்மவர் இல்லங்கள்தோறும் நிகழ்வதே. கூட்டத்தை நினைத்தால் அச்சம். வாடகைக் காரை நினைத்தால் அதனினும் பெரிய அச்சம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வீட்டுக்குள்ளேயே கழிந்துவிடுகிறது. சொந்த வண்டி இல்லாத குடும்பம் பிள்ளைகளுடன் ஒரு நாளை இனிதே கழிப்பது எங்ஙனம் என்பதை இத்திங்கள் ஆராய்வோம். ரயில்வேயில் எழுத்தராக இருக்கும் நாமே இதில் ஒருமுறை தோற்றோம் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

சென்ற ஆண்டு டிசம்பர் மாதம். நாம் மாற்றலாகி மாட்டுங்காவுக்கு வந்து எட்டு மாதங்களே ஆகியிருந்தன. மகனுக்கு வயது பத்து, மகளுக்கு ஆறு. ஒரே ஞாயிறில் ராணி பாக் விலங்குத் தோட்டம், கேட்வே ஆஃப் இந்தியா, ஜுஹு கடற்கரை ஆகிய மூன்றையும் காட்டிவிடுவதாக வாக்களித்தோம். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே மணி பத்தரை. தோட்டத்தைச் சுற்றி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. வண்டிகளும் தாமதம். கேட்வேயைக் கைவிட்டு, தாதரில் மாறி ஜுஹுவுக்குச் செல்வதென முடிவு செய்தோம்.

தாதர் மேம்பாலத்தை அறியாத மும்பைவாசி இரார். ஒரு கையில் பை, மறு கையில் மகள். பயணச்சீட்டைத் தேடுவதற்காக ஒரு கணம் அவள் கையை விட்டோம். அதே கணத்தில் வந்து நின்ற வண்டியிலிருந்து இறங்கிய கூட்டம் படிகளில் ஏறிற்று. அடுத்த கணம் மகளைக் காணோம்.

எட்டு நிமிடங்கள் ஆயின என்று பின்னர் கணக்கிட்டோம். படிக்கட்டின் அடியில், பூக்கூடையுடன் ரயிலுக்குக் காத்திருந்த ஒரு மூதாட்டி அவளைத் தம் அருகில் அமர்த்திக்கொண்டிருந்தார். மராத்தியிலும் இந்தியிலும் அவர் பெயரைக் கேட்டிருக்கிறார், ஊரைக் கேட்டிருக்கிறார். குழந்தையோ "அப்பா நீலச் சட்டை, அப்பா நீலச் சட்டை" என்று தமிழிலேயே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த மொழி அது ஒன்றே. அதை வேறு யார் அறிவார்?

அன்றிரவு மகன் கூறினான்: "கார் இருந்திருந்தால் பாப்பா தொலைந்திருக்க மாட்டாள், அப்பா."

நமக்கு விடை கூற நா எழவில்லை. பல நாள் யோசித்த பிறகே ஒன்று விளங்கிற்று. மூன்று இடங்களை ஒரு நாளில் அடக்க நினைத்தது நாம். காலந்தாழ்த்திக் கிளம்பியது நாம். குழந்தையின் சட்டைப்பையில் ஒரு முகவரிச் சீட்டுக்கூட வைக்காதது நாம். இவற்றுள் எதையும் கார் செய்யவில்லை. கார் இல்லாமற் போனதும் செய்யவில்லை.

ஆகவே பிப்ரவரி மாதத்தில் மீண்டும் ஒரு முறை புறப்பட்டோம். இம்முறை கைக்கொண்ட முறைகளைக் கீழே தருகிறோம்.

முதலாவது, இடம். ஒரு நாளுக்கு ஓர் இடமே. அதுவும் வண்டி மாறாமல் செல்லக்கூடிய இடமாயின் நன்று. மாட்டுங்காவிலிருந்து நிதான வண்டியில் ஏறினால் பைகுல்லா ஐந்தாவது நிலையம். இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் ராணி பாக். சென்ற முறை அரைகுறையாகப் பார்த்த தோட்டத்தையே மீண்டும் தேர்ந்தெடுத்தோம். மூத்தவனின் ஆசையை அளவாகக் கொள்ளாமல் இளையவளின் காலை அளவாகக் கொள்ள வேண்டும் என்பதே இதில் உள்ள சூத்திரம்.

இரண்டாவது, நாள். ராணி பாக் தோட்டத்துக்குப் புதன்கிழமை விடுமுறை. எலிபெண்டா குகைகளுக்குத் திங்கட்கிழமை. குழந்தைகளை அழைத்துச் சென்று பூட்டிய கதவைக் காட்டுவதைப் போன்ற பாவம் வேறில்லை.

மூன்றாவது, நேரம். ஞாயிறுதோறும் தண்டவாளப் பராமரிப்புக்காக மெகா பிளாக் அறிவிக்கப்படுகிறது. பெரும்பாலும் முற்பகல் பதினொன்றிலிருந்து பிற்பகல் நான்கு வரை அது நீடிக்கும். அவ்வேளையில் சில வண்டிகள் ரத்தாகும். சில வேறு தடத்தில் திருப்பப்பட்டுச் சிறு நிலையங்களில் நில்லாமற் செல்லும். எந்தப் பாதையில் என்பது சனிக்கிழமைக்குள் செய்தித்தாளில் வந்துவிடும். அதைப் பார்த்து, பத்தரைக்குள் போய்ச் சேர்ந்து, நான்குக்குப் பின் திரும்புமாறு திட்டமிடுக. நாம் காலை எட்டே முக்காலுக்கு மாட்டுங்காவில் ஏறினோம். உட்கார இடமும் கிடைத்தது.

நான்காவது, பயணச்சீட்டு. ஐந்து வயது நிறையாத குழந்தைக்குச் சீட்டு வேண்டியதில்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயது நிறையும் வரை அரைக் கட்டணம். இருவழிச் சீட்டைக் காலையிலேயே வாங்கி, அதை யார் வைத்திருப்பது என்பதையும் அப்போதே முடிவு செய்க. மேம்பாலத்தில் தேடலாகாது.

ஐந்தாவதே தலையாயது. இன்னார்க்கு இன்ன குழந்தை பொறுப்பு என்று வீட்டிலேயே பிரித்துவிட வேண்டும். மின்சார ரயில் ஒரு நிலையத்தில் அரை நிமிடங்கூட நில்லாது. குடும்பத்தில் பாதி ஏறி, பாதி நின்றுவிடுவதும் உண்டு. அப்போது நின்றவர் அங்கேயே நிற்க; ஏறியவர் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வருக. இதைப் பிள்ளைகளுக்குப் பாடம்போல் ஒப்பிக்கச் செய்தோம். சட்டைப்பையில் பெயர், முகவரி, தொலைபேசி எண் எழுதிய சீட்டை வைத்தோம். ரயிலில் உதவிக்கு 139, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 ஆகிய எண்களை மகன் மனப்பாடம் செய்தான்.

மகளுக்கோ ஒரு மராத்தி வாக்கியம். பக்கத்து வீட்டு அம்மையார் கற்பித்தார்: "மீ மாட்டுங்க்யாலா ராஹ்தே." 'நான் மாட்டுங்காவில் வசிக்கிறேன்' என்பது பொருள். வீட்டில் தமிழ் பேசுவது நம் கடமை, அதில் ஐயமில்லை. ஆயினும் வாழவந்த ஊரின் மொழியில் தன் பெயரும் இருப்பிடமும் சொல்லத் தெரியாத குழந்தையை வீதிக்கு அழைத்துச் செல்வது நியாயமாகாது.

வழியெல்லாம் பேசுவதற்குச் செய்தி உண்டு. இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று போரி பந்தரிலிருந்து தானா வரை, ஏறத்தாழ 34 கிலோமீட்டர், ஓடியது இத்தடத்தில்தான் என்றோம். மகன் சன்னலுக்கு வெளியே தண்டவாளத்தைப் புதிதாகப் பார்த்தான். தோட்டத்தில் பென்குவின் பறவைகளைக் கண்ணாடிக்கு அப்பால் நெடுநேரம் கண்டுகளித்தனர். அங்குள்ள அருங்காட்சியகம் 1872இல் திறக்கப்பட்டது. அதன் புறத்தே ஒரு கல்யானை நிற்கிறது. கராபுரித் தீவில் இருந்த அந்த யானையைக் கண்டே போர்த்துகீசியர் தீவுக்கு எலிபெண்டா என்று பெயரிட்டனர். பின்னர் உடைந்துபோன அதன் துண்டுகளை இங்கே கொணர்ந்து பொருத்தி நிறுத்தினர். மகளோ உயிருள்ள விலங்குகள் அனைத்தையும் விட்டுவிட்டு அதன் அருகிலேயே நின்றாள்.

கட்டுச்சோறாகப் புளியோதரையும் தயிர்ச்சாதமும். உணவை எங்கே உண்ணலாம் என்று நுழைவாயிலிலேயே கேட்டுக்கொள்வது நலம். விலங்குகளுக்கு எதையும் ஈதல் கூடாது.

பிற்பகலில் ரயிலை நம்பாமல் பேருந்தில் சத்ரபதி சிவாஜி மகராஜ் ரயில் முனையம் சென்றோம். 1878இல் தொடங்கிப் பத்தாண்டுகளில் எழுந்த அம்மாளிகை 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அதைச் சாலையின் எதிர்ப்புறத்திலிருந்தே முழுமையாகக் காண இயலும். பழைய டீசல் இரண்டடுக்குப் பேருந்துகள் 2023 செப்டம்பரில் விடைபெற்றுவிட்டன. அவற்றுக்குப் பதிலாக மின்சார இரண்டடுக்குகள் ஓடுகின்றன. அவற்றுள் ஒன்றின் மாடியில், முன்வரிசையில் பிள்ளைகள் இருவரும் அமர்ந்து, ஓட்டுநரே தாங்கள்தாம் என்பதுபோல் சாலையைப் பார்த்து வந்தனர். மரீன் டிரைவ் மதிலில் கடலை நோக்கி அரைமணி நேரம். பிறகு வீடு. இளையவள் களைத்து அழுவதற்கு முன்பே திரும்பிவிட்டோம்.

திரும்பும் வண்டியில் எதிரே அமர்ந்திருந்த ஒரு மராத்தி அம்மையார் மகளின் கன்னத்தைத் தட்டிப் பெயரைக் கேட்டார். அவ்வளவுதான். பெயர், மாட்டுங்கா, தந்தை பெயர், தொலைபேசி எண்ணின் பத்து இலக்கங்கள் அனைத்தையும் அவள் பெட்டி முழுவதும் கேட்க ஒப்பித்துவிட்டாள்! அம்மையார் சிரித்தார், பெட்டியே சிரித்தது. நம் இல்லாள் மட்டும் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தாதர் அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

மகன் அன்று கார்ப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த வாரம் எடுத்தான். அதற்குள் நாமும் விடையொன்றை வைத்திருந்தோம்: "முதலில் அடுத்த ஞாயிறு எங்கே என்று நீ திட்டம் போடு, கார் பிறகு." இப்போது சனிக்கிழமைதோறும் செய்தித்தாளில் மெகா பிளாக் அறிவிப்பைத் தேடிப் படிப்பவன் அவனே.

பிற நகரங்களில் வாழும் அன்பர்கள் இம்முறையைத் தத்தம் ஊருக்கேற்ப மாற்றிக்கொள்வாராக. வீட்டுக்கு வெளியே முதலடி வைக்குமுன், குழந்தையின் சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.