மழை மாதங்களில் நாய்களைக் கட்டிப்போடுவது குறித்து எங்கள் நிலைப்பாடு

வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வளர்ப்பு நாய்களை வெட்டவெளியில் சங்கிலியில் கட்டி வைக்கக் கூடாது என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. வாசலிலோ கொல்லையிலோ கட்டிப்போட்டால் நாய் பத்திரமாக இருக்கும் என்று பலரும் நம்புகிறார்கள். மழை மாதங்களில் அது பத்திரமல்ல. ஆபத்து வந்தால் விலகிப் போவதுதான் நாய்க்கு இருக்கும் முதல் தற்காப்பு. சங்கிலி அதைப் பறித்துவிடுகிறது.

காரணங்கள்

தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்தால் எலிக்காய்ச்சல் பரவும். மேடான இடத்துக்குப் போக முடியாத நாய் அந்த நீரிலேயே நிற்கிறது. தாகத்துக்கு அதையே குடிக்கிறது. நோய் அதன் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும். நாயின் சிறுநீர் வழியாக வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றலாம்.

வளைகளில் நீர் புகுந்ததும் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் காய்ந்த இடம் தேடி வீட்டோரம் வரும். கட்டப்பட்ட நாயால் பின்வாங்க முடியாது. அறுந்து விழுந்த மின்கம்பி பக்கத்தில் கிடந்தாலும் இதே கதிதான்.

தீபாவளியும் இந்த மாதங்களிலேயே வருகிறது. வெடிச்சத்தத்தில் மிரண்ட நாய் சுவரேறிக் குதித்தால் சங்கிலியே அதன் கழுத்தை இறுக்கிவிடும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையின் பல பகுதிகளில் தரைத்தள வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அப்படி ஏறும் நீரில் கட்டுண்ட நாயால் நீந்தவும் முடியாது.

சட்டமும் இதைப் பேசுகிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நியாயமற்ற நேரம் கட்டி வைப்பதைக் குற்றம் என்கிறது.

மறுப்புகளுக்கு எங்கள் பதில்

அவிழ்த்துவிட்டால் தெருவுக்கு ஓடும், யாரையாவது கடிக்கும், வண்டியில் அடிபடும் என்பது நியாயமான அச்சம். நாயைத் தெருவில் விடச் சொல்லவில்லை. கூரைக்கு அடியில் விடச் சொல்கிறோம். அடைத்த திண்ணை, மாடிப்படியின் கீழ்ப்பகுதி, வீட்டுக்குள் ஒரு மூலை, எதுவானாலும் போதும். வாடகை வீட்டில் இருப்போருக்கு இது எளிதல்ல என்பதை அறிவோம். அதனால்தான் வீட்டு உரிமையாளர்களையும் சேர்த்தே கேட்கிறோம்.

வேண்டுகோள்கள்

வளர்ப்போர்: மழை தொடங்கும் முன்பே எலிக்காய்ச்சல் தடுப்பூசியை முடித்துவிடுங்கள். முதல்முறை என்றால் சில வார இடைவெளியில் இரண்டு ஊசி. பிறகு ஆண்டுக்கு ஒன்று. பாம்பு கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். வெடி வெடிக்கும் நேரத்தில் ஜன்னல் அடைத்த அறையில் வையுங்கள்.

வீட்டு உரிமையாளர்களும் குடியிருப்புச் சங்கங்களும்: இந்த மூன்று மாதங்களுக்காவது நாய்க்குக் கூரையுள்ள இடம் கொடுங்கள்.

மாவட்ட நிர்வாகங்கள்: நிவாரண முகாம்களில் வளர்ப்பு விலங்குகளுக்குத் தனி இடம் ஒதுக்குங்கள். நாயை விட்டு வர மனமில்லாமல் வெள்ளத்துக்குள்ளேயே தங்கிவிடும் குடும்பங்களையும் அது காப்பாற்றும்.

வீட்டைக் காலி செய்யும்போது நாயைக் கொண்டுபோக வழியே இல்லை என்றால், சங்கிலியைக் கழற்றி, மாடிக்குப் போகும் கதவைத் திறந்துவைத்துவிட்டுப் புறப்படுங்கள்.