முதல் விமானம் அன்றே பறக்கட்டும்

கூரைக்குக் கீழே பறக்கும் மாதிரி விமானம் கட்டப் பழக வரும் பிள்ளை, தான் ஒட்டியதை அன்று சாயங்காலத்துக்குள் பறக்கவிட்டாக வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரன். மிச்சத்தை அடுத்த சனிக்கிழமை பார்க்கலாம் என்று அனுப்பினால், பாதிப் பேர் அடுத்த சனிக்கிழமை வருவதில்லை.

இங்கே அமெரிக்காவில் ‘சயன்ஸ் ஒலிம்பியாட்’ என்று பள்ளிகளுக்கு இடையே ஓர் அறிவியல் போட்டி நடக்கிறது. ரப்பர் விமானம் பல ஆண்டுகளில் அதில் ஒரு பிரிவு. முறுக்கிய ரப்பரின் விசையில் யாருடைய விமானம் அதிக நேரம் காற்றில் நிற்கிறதோ, வெற்றி அவர்களுக்கு. எங்கள் ஊர்ப் பள்ளியின் கூடைப்பந்து அரங்கில் அதற்குப் பிள்ளைகளைப் பழக்குகிறேன். எடுத்த எடுப்பில் போட்டி விமானத்தைக் கொடுப்பதில்லை. முதலில் ஃபிராங்க் ஈலிங் வடிவமைத்த டெல்டா டார்ட். வரைபடம் மெல்லிய தாளிலேயே அச்சாகியிருக்கும். அதன்மேல் பால்சா குச்சிகளை ஒட்டி, ஓரத்தை வெட்டி எடுத்தால் இறக்கை தயார். சட்டத்தைத் தனியாகக் கட்டிப் பிறகு தாள் போர்த்தும் சிரமம் கிடையாது.

கட்டச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். பறப்பதைப் பார்க்கச் சொல்லித்தருகிறவர்கள்தான் குறைவு. புதியவர்களின் கண் விமானம் விழுந்த இடத்திலேயே நிற்கும். விழுவதற்கு முன் என்ன செய்தது என்று கேட்டால் விழிப்பார்கள். அண்மையில் ஒரு சிறுமி, தமிழ் வீட்டுப் பிள்ளை, முதல் முறுக்கு முறுக்கி விட்டாள். விமானம் மூக்கைத் தூக்கியது, ஒரு கணம் நின்றது, சரிந்தது, மறுபடி தூக்கியது.

“அங்கிள், இன்னும் நிறைய முறுக்கவா?”

“வேண்டாம்மா. அது என்ன பண்ணுச்சு, சொல்லு.”

சொல்லத் தெரியாமல் கையாலேயே காற்றில் ஓர் அலை வரைந்து காட்டினாள். அது போதும். இறக்கையை இரண்டு மில்லிமீட்டர் பின்னால் நகர்த்தச் சொன்னேன். முறுக்கின் எண்ணிக்கையை மாற்றவில்லை. அலை தணிந்தது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். விமானம் இடப்புறமாக வட்டமிட்டு ஏறத் தொடங்கியது. ஒரு தடவைக்கு ஒரே மாற்றம், அதை நோட்டில் எழுதிவிட்டுத்தான் அடுத்தது. இதைத் தவிர அவளுக்கு நான் அன்று எதுவும் சொல்லித்தரவில்லை.

ஏன் இடப்புறம்? விசிறி ஒரு பக்கம் சுழலும்போது உடல் எதிர்ப்பக்கம் சாயப் பார்க்கும். நம் விமானங்களில் அது இடப்பக்கம். அந்தச் சாய்வை எதிர்க்காமல் அந்தப் பக்கமே வட்டமிட விடுகிறோம். இடது இறக்கை ஒரேயடியாகத் தாழ்ந்துவிடாமலிருக்க, அதன் முன்விளிம்பை லேசாக உயர்த்தித் திருகிவைப்போம்.

பிள்ளைகளுக்கு ஒரு பழைய கதையும் சொல்வேன். 1871 ஆகஸ்டில், பாரிசின் துய்லரி தோட்டத்தில், அல்ஃபோன்ஸ் பெனோ என்பவர் ஒரு ரப்பர் விமானத்தை 11 நொடி பறக்கவிட்டார். வாலின் முன்விளிம்பைச் சற்றுத் தாழ்த்தி வைத்திருந்தார். மூக்கு தூக்கினாலும் குனிந்தாலும் விமானம் தானே சமநிலைக்குத் திரும்ப அந்தக் கோணம் உதவியது. இறக்கைக்கும் வாலுக்கும் இடையே நாங்கள் இன்று வைக்கும் கோண வித்தியாசமும் அதே காரணத்துக்காகத்தான். அப்போது அவருக்கு வயது 21 என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

ரப்பருக்கும் பக்குவம் உண்டு. வழவழப்பு எண்ணெய் தடவி, நாலைந்து மடங்கு நீளத்துக்கு இழுத்துப் பிடித்து முறுக்க வேண்டும். பாதி முறுக்கு ஏறிய பிறகு, முறுக்கிக்கொண்டே மெல்ல நெருங்கி வரவேண்டும். இழுக்காமல் முறுக்கினால் அவ்வளவு முறுக்கு ஏற்ற முடியாது.

எஃப்1டி என்ற உலகப் போட்டி வகையின் படத்தை மட்டும் முதல் நாள் காட்டமாட்டேன். 55 சென்டிமீட்டர் இறக்கை, ரப்பர் நீங்கலாக 1.4 கிராம் எடை, 0.4 கிராம் ரப்பர். ருமேனியாவின் ஸ்லானிக் உப்புச் சுரங்கத்துக்குள் அவை 20 நிமிடத்துக்கு மேல் மிதந்திருக்கின்றன. முதல் நாள் பார்த்தால் அது மாயம் போலத் தெரியும். சில மாதம் கழித்துப் பார்க்கும் பிள்ளை, “வால் ஏன் ஒரு பக்கம் சாஞ்சிருக்கு?” என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகக் காத்திருக்கலாம்.

பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உடைந்த குச்சியை இரவோடு இரவாக நீங்கள் ஒட்டிக் கொடுத்துவிடாதீர்கள். மறுநாள் அது ஏன் கோணலாகப் பறக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளை கேட்காமல் அதன் விமானத்தை நானும் தொடுவதில்லை. உதவி செய்யத்தான் வேண்டுமென்றால் அரங்குக்கு வாருங்கள். ஸ்டாப்வாட்ச் பிடிக்க எங்களிடம் எப்போதும் ஆள் பற்றாக்குறைதான்.